மாடிப்படி இறங்காதீர்கள்

மார்ச் 3

என்னங்க,

நம் பெண் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேரன் உங்கள் மூக்கோடு பிறந்திருக்கிறான், பாவம். போனில் பேசினால் உங்களுக்கு இரைக்கும் என்றுதான் எழுதுகிறேன். மாடிப்படி இறங்காதீர்கள். சாப்பாட்டை அடுத்த வீட்டம்மா கொண்டுவந்து தருவார். நுரையீரல் டாக்டர் சொன்ன உடற்பயிற்சி வகுப்புக்கு மட்டும் போய்விடாதீர்கள். வெல்டிங் புகை தின்ற நெஞ்சுக்கு உடற்பயிற்சியாம்! கேட்டால் சிரிப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 24

என் மகாராணிக்கு,

திட்டாதே. நீ கிளம்பிய மறுவாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். விரலில் கிளிப் மாட்டி, ஆக்சிஜன் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க விடுகிறார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொல்கிறார்கள். முதல் நாள் செத்தேன் என்றே நினைத்தேன். பிசியோதெரபிப் பெண் அசரவில்லை. "மூச்சு வாங்குனா பயப்படாதீங்க ஐயா. நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனா உட்கார்ந்தே இருந்தா கால்ல வலு போயிடும். வலு இல்லாத கால் நாலடி நடக்கவே நிறைய மூச்சு கேட்கும்" என்றாள். நேற்று நானே கீழே போய்ப் பால் வாங்கினேன். கடைக்காரர் பேயைப் பார்த்ததுபோல் பார்த்தார்.

உன் சோம்பேறி

ஏப்ரல் 2

என்னங்க,

அப்படியானால் உங்களைக் கெடுத்தது நான்தானா? செருப்பைக்கூடக் குனிந்து எடுக்க விடாமல் தாங்கு தாங்கென்று தாங்கினேனே, அதற்குக் கிடைத்த பட்டமா இது? பெண் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நான் வரும்வரை வகுப்புக்குப் போக மாட்டேன் என்று எழுதுங்கள். படியில் விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்காரி

ஏப்ரல் 7

என் கோபக்காரிக்கு,

அப்படி எழுத மாட்டேன். நீ தாங்கியிராவிட்டால் வகுப்புக்குப் போக ஆளே இருந்திருக்காது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் ராத்திரி நான் இருமும்போதெல்லாம் நீ எழுந்து என் மார்பில் கை வைத்துப் பார்ப்பாய். நான் தூங்குவதுபோல் கிடப்பேன். என் மூச்சுக்குக் காவல் இருந்தே உன் உடம்பு போகிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் போகிறேன். ஆசை தீர இருந்துவிட்டு வா. பயந்து ஓடி வராதே.

உன்னுடையவன்

ஏப்ரல் 15

என்னங்க,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு பாட்டம் அழுதேன். இங்கே வந்தும் தினமும் பாதித் தூக்கத்தில் எழுந்து, உங்கள் இருமல் கேட்கிறதா என்று உட்கார்ந்திருப்பேன். பைத்தியம்தான். பெண்ணிடம் சொல்லவில்லை. நேற்று படுத்தவள் விடிந்தும் எழவில்லை. பெண் பயந்துபோய் உலுக்கினாள். பக்கத்தில் குழந்தை அழுததுகூட எனக்குக் கேட்கவில்லை.

வகுப்பை விடாதீர்கள்.

உங்கள் தூங்குமூஞ்சி