கொன்றவனின் வாயில் மகனின் குரல்

வோபர்ன், ரொறன்ரோ

அன்புள்ள அம்மா,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறு மத்தியானம், கூட வேலை செய்யும் ரோகிணியோடு ஒரு ஜப்பானியப் படம் பார்த்தேன். பெரிய கம்பனி எதையும் நம்பாமல் ஒரு எண்பது வயதுக்காரர் எடுத்தது. மகனைக் கொன்றவனைக் கண்டுபிடித்த தாய் கத்தியை ஓங்குகிறாள். உடனே வீட்டுக்குள் கடல் புகுகிறது. கொன்றவனின் வாயிலிருந்து மகனின் குரல் வருகிறது: “அம்மா, சாப்பிட்டீங்களா?” எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அவள் ஏனடி குத்தேல்லை?” என்றாள் ரோகிணி, அரங்கை விட்டு வெளியே வரும்போது.

“குத்தினால் அந்தக் குரலும் போயிடுமெல்லே.”

அண்ணாவைச் சுட்டவனை மனதுக்குள் எத்தனை தரம் கொன்றிருப்பேன், அம்மா! வீடு வரும்வரை அண்ணாவின் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது, அண்ணா பேசிப் பதிந்த கசெற் ஏதும் இருந்தால் அதையும் வைத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சாம்பவி