சத்தம் போட்டால்தான் பிரிண்ட் வருகிறது

எனக்கும் சேர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்து, பாதியில் விட்டுப் போன கோமதி அக்காவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று தொடங்க மனம் வரவில்லை. இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அப்பாவின் தறி ஓடுகிறது. உன் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தாயிற்று. வேனில் ஏறும்போது மித்ரா அழுவதில்லை. அம்மாதான் அழுகிறாள். "அழாத ஆச்சி, சாயங்காலம் வந்துருவேன்" என்று இவள் சொல்லிவிட்டுப் போகிறாள்.

நீ வாங்க வைத்த பிரிண்டரும், சொன்னதைக் கேட்டு அதை ஓட்டுகிற அந்த ஸ்பீக்கரும் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன. வைத்தியத்துக்காக நீ நம் வீட்டில் வந்து படுத்திருந்த நாட்களில், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவது உனக்குப் பொறுக்கவில்லை. அத்தான் சிவகிரியிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தார். நம் ஃபோன்களில் இருந்து எதைப் போட்டாலும் ஒரே ஃபோல்டரில் போய்ச் சேரும். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் சின்னதாக ஒரு பேர். கட்டிலில் படுத்தபடியே அந்தப் பேரைச் சொன்னால் போதும், தாள் வந்துவிடும்.

நீ அதை அப்படியா கூப்பிட்டாய்? "ஏட்டி, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்ட எடுத்துக் குடுட்டி" என்பாய். அது புரியாமல் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கும். "பாத்தியா உமா, பெரிய வீட்டுப் பிள்ளை கணக்கா சாரி சொல்லுதா. கோவமே வராது போல இவளுக்கு" என்று சிரிப்பாய். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் சிரிப்பாய். அதன்பிறகுதான் ஒழுங்கான பேரைச் சொல்லி எடுப்பாய்.

தொட்டு எடுக்கிற ஆப் உன் ஃபோனில் மட்டும்தான் இருந்தது. அந்த ஃபோனை அத்தான் சுத்தமாக அழித்துவிட்டுத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த உன் படங்களை எடுத்து வைத்தாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆக, இப்போது பிரிண்ட் வேண்டுமென்றால் கூடத்தில் நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கல்லூரியில் 'பிரசென்ட்' என்று நான் சொன்னது யாருக்கும் கேட்காமல் ஆப்சென்ட் வாங்கியவள் நான். எனக்கு வேறு தண்டனை வேண்டுமா?

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது அக்கா. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில். நூலின் வலுவையும் சாயத்தையும் சோதிக்கிற வேலை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளுக்குப் படித்ததற்கேற்ற வேலை. சேருகிற அன்று உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஃபோல்டரில் போட்டு, பேரும் வைத்துவிட்டேன். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் வீட்டுக் கூடத்தில் எப்போது ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தானும் உன் மாமியாரும் வந்தார்கள். மித்ராவைப் பார்க்க வருவதுதானே என்று நினைத்தேன். அத்தை எனக்கென்று மல்லிகைப்பூ கொண்டுவந்திருந்தார். "தலையில வச்சுக்கோம்மா" என்றார். நீ இருந்தவரை எனக்கு ஒரு பூ கொண்டுவந்தவர் இல்லை. பூவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன்.

அப்பாவை உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகியவர். தண்ணீர் கேட்டால்கூட எதிர்வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். அவர்தான் அன்றைக்கு ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற நினைத்தார். உன் வருஷத் திதிகூட இன்னும் வரவில்லை. அதற்குள் ஜாதகம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் ஊர் பேசும். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் வீட்டிலேயே எடுத்து, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, நம்மைத் தெரியாத திருவேங்கடத்து ஜோசியரிடம் போய்விடலாம் என்று திட்டம். இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது.

ஜாதகங்களை ஃபோல்டரில் போட்டது அத்தான். ஆனால் அதை அவர் தன் வாயால் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க மாமா" என்று பேரை மட்டும் சொல்லிக் கொடுத்தார். அப்பா எழுந்து நின்று, தறிக்கூடத்தில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார்.

"பிரிண்ட் உமா ஹாரஸ்கோப்!"

அது தேன் தடவிய குரலில், உமா ஹாரஸ்கோப் என்று திரும்பச் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தது. அடுத்தது "பிரிண்ட் மாப்ள ஹாரஸ்கோப்!" எதிர்வீட்டு ராஜம் மதினி வாசலில் வந்து நின்றாள். நான் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றேன். தெருவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது, அக்கா. சொன்னால்தான் எடுப்பேன் என்று ஒரு மிஷின் அடம் பிடிக்காமல் இருந்திருந்தால், தாலி கட்டுகிற தேதியைக்கூட எனக்குக் கடைசியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அம்மா ஓடி வந்து என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "கத்தாதட்டி" என்றாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"எவளோ ஒருத்தி வந்து மித்ராவுக்குச் சூடு வச்சா நீ பாத்துக்கிட்டு இருப்பியா? அவளே ஒன்ட்ட சொல்லிட்டுத்தான போனா, பிள்ளையப் பாத்துக்கோன்னு."

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ சொன்னாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவப் பாத்துக்கோட்டி" என்றாய். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். வேறு எதையாவது சொன்னாயா? உன் புருஷனைக் கட்டிக்கொள் என்றாயா? சாகக் கிடந்தவள் தன் பிள்ளைக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்து, எனக்குத் தாலியாக்கப் பார்க்கிறார்கள். இல்லை என்று சொல்ல நீ இங்கே இல்லை. உன் மேலும் கோபம் வந்தது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கூடத்துக்குப் போனேன். அப்பா முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. அந்த ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னேன், "பிரிண்ட் ஜாயினிங் ஆர்டர்."

அதற்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். சாரி என்றது.

"என்னத்தட்டி முணங்குத?" என்றார் அப்பா.

அப்புறம் எனக்குள்ளிருந்து வந்தது என் குரல் இல்லை, அக்கா. அப்பாவின் தறிக்கூடத்துக் குரல். அது எனக்குள்ளும் இருந்தது எனக்கே தெரியாது. அப்பாவின் கத்தல் பழகிப்போய்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த மித்ராகூட எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தாள் வந்து விழுந்தது.

"என்னது அது?"

"வேலைக்கு ஆர்டர்ப்பா. கோயம்புத்தூர்ல. வார ஒண்ணாந்தேதி சேரணும். நான் போறேன்."

உன் மாமியார் எழுந்தேவிட்டார். "நாங்க பூ கொண்டு வந்துருக்கோம், இவ ஆர்டர் காட்டுதா! படிச்ச பிள்ளைக்கு எம் மவன் எளக்காரமாப் போயிட்டானோ?"

"எளக்காரம் இல்ல அத்தை. அவுக எங்க அக்கா வீட்டுக்காரவுக. எனக்கு அத்தான். நான் கட்டிக்கிட மாட்டேன்."

"மாமா, நான் ஒண்ணும் கேக்கல. எல்லாரும் சொல்லுதாங்கன்னுதான்…" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒங்களுக்கு வேணும்னா நீங்க என்ட்ட கேட்ருக்கணும் அத்தான்" என்றேன். "கேட்ருந்தா அன்னைக்கே மாட்டேன்னு சொல்லிருப்பேன். அப்பா கத்த வேண்டி இருந்திருக்காது."

அவர் தரையைப் பார்த்தபடியே வண்டிச் சாவியைத் தேடினார். இத்தனைக்கும் நல்ல மனுஷன்தான். உனக்காக எத்தனை இரவுகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிறார். நல்ல மனுஷர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? அவர் தன் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிவகிரிக்குப் போய்விட்டார். மித்ராவுக்கு டாட்டா காட்டக்கூட மறந்துவிட்டார். அது எனக்குக் கோபத்தையும் மீறி வலித்தது.

அப்பா ரெண்டு ஜாதகத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திருவேங்கடம் பஸ்ஸில் ஏறினாரா, தறிக்குத்தான் போனாரா, தெரியாது. இதுவரை என்னோடு பேசவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், "அவ சாப்புட்டாளான்னு கேளு" என்கிறார். "சாப்புட்டேன்னு சொல்லும்மா" என்கிறேன் நான். நடுவில் அம்மா, "எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்குகளே ரெண்டும்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனாலும் நேற்று என் பையில் ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தாள். அங்கே குளிரும் என்று யாரோ சொன்னார்களாம்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. "பெத்த தாய் போயிட்டா, சித்தியும் பெட்டியக் கட்டிட்டா" என்று தெருவில் பேசுகிறார்கள். அத்தானை ஒருத்தரும் பேசவில்லை. அவர் நாளைக்கே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு மித்ராவைக் கூட்டிப் போனால் நான் என்ன செய்வேன்? பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சித்தி என்கிற உறவு போதாதா, பெண்டாட்டியாகத்தான் வர வேண்டுமா? இதை யாரிடம் கேட்பது? உன்னிடம்தான் கேட்கிறேன். ஊர் படித்தாலும் படிக்கட்டும் என்றே கேட்கிறேன். குசுகுசுவென்று பேசி முடிவு பண்ணுவதை எல்லாம் ஒருமுறையாவது யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டாமா?

நேற்று மித்ராவுக்குத் தலைவாரிப் பின்னல் போட உட்கார்ந்தேன். "ரெட்டைச் சடை வேண்டாம் சித்தி" என்றாள். காதில் வாங்காமல் பின்னிக்கொண்டே போனேன். மறுபடியும் சொன்னாள், சத்தம் இல்லாமல். எனக்குக் கை நின்றுவிட்டது. அவிழ்த்துவிட்டேன்.

அக்கா, மாசத்துக்கு ஒரு தடவையாவது பஸ் ஏறி வந்துவிடுவேன். லீவு விட்டால் அவளைக் கூட்டிப் போவேன். உன்னைப் பற்றி அவள் கேட்டால், நீ திட்டியது முதல் சிரித்தது வரை மறைக்காமல் சொல்வேன். இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் என் சத்தியம். உன் மகள் எதற்காவது வேண்டாம் என்று சொன்னால், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும், முதல் தடவையிலேயே காதில் வாங்கிக்கொள்வேன்.

என்றும் மித்ராவுக்குச் சித்தியாகவே இருக்கப்போகிற,
உன் தங்கச்சி உமா
சங்கரன்கோவில்