உடன் வந்தவர்: ஜெரோம்

மறைமலைநகர்
4.8.2025

அன்புள்ள அப்பா,

நேற்று உங்களிடம் சொல்லாமல் வந்ததை இதில் எழுதுகிறேன். உங்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டுமானால் நான் கத்த வேண்டும். கத்தினால் மங்கள விலாஸ் ஓட்டலின் பதினெட்டு அறைக்கும் கேட்கும். அதனால் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது மேனேஜர் கண்ணாயிரம் எனக்குப் பழைய ரிஜிஸ்டர்களைக் காட்டினார். சின்ன ஊர்களின் பழைய ஓட்டல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசை என்று நான்தான் கேட்டிருந்தேன். அறுபது வருடத்துக்கு முந்தைய பக்கங்களில் 'வந்த காரியம்' என்ற கட்டத்தைப் படித்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கோர்ட் வாய்தா. பெண் பார்க்க. காஞ்சிபுரம் வண்டி தவறிவிட்டது. ஓர் ஊரின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

அவர் போன் பேச எழுந்து போனார். இந்த வருட ரிஜிஸ்டர் மேலேயே கிடந்தது. புரட்டினேன்.

அறை 6, ஜெசிந்தா. உடன் வந்தவர்: ஜெரோம். அறை 11, அனு. உடன் வந்தவர்: ஜெரோம். அறை 3, கண்ணகி. மறுபடியும் நீங்கள்தான், ஜெரோம். இரண்டு மூன்று ஆண்கள் பெயரும் உண்டு. ஏழு மாதத்தில் முப்பத்தொரு வரி. நீங்கள் இருப்பதோ ஒன்பதாம் அறையில். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். கண்ணகிக்கு மட்டும் டிக் இல்லை.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இங்கே உங்களுக்காகப் போட்ட கட்டில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் ஸ்டேஷன் பக்கம் பழகிவிட்டது என்கிறீர்கள். இந்த முப்பத்தொரு வரியைப் பார்த்த பிறகு நான் என்ன நினைக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஜாக்குலின்


செங்கல்பட்டு
9.8.2025

அன்பு மகள் ஜாக்குலினுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ கொண்டுவந்த பிஸ்கட்டில் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. அடுத்த முறை ஏதாவது ஒன்றாவது இருக்கட்டும்.

கட்டுரை எழுத ஆசை என்று எழுதியிருந்தாய். இந்த ஓட்டலை 1936இல் ஒரு மர வியாபாரி கட்டினார். விற்காமல் தங்கிப்போன பர்மாத் தேக்கில் படிக்கட்டு போட்டார். ஏழாவது படி கத்தும். ரிப்பேர் செய்ய ஆள் வந்தபோது கண்ணாயிரம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். மாடியிலிருந்து யார் இறங்கினாலும் மேசையில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமாம். சாவியோடு ஒரு சாண் நீள மரக்கட்டை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். வாய்தாவுக்கு வருகிறவர்கள் தோற்ற கவலையில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்காகச் செய்த ஏற்பாடு.

மற்ற விஷயம். பார்சல் ஆபீசில் முப்பது வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்க்காமல் தூக்கி வைத்தவன் நான். அந்தப் பெயர்கள் எல்லாம் அவரவர் பெட்டி. நான் திறக்க முடியாது. கண்ணாயிரத்துக்கு ஒரு வாக்கும் கொடுத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உனக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

அப்பா,
ஜெரோம்


மறைமலைநகர்
14.8.2025

அன்புள்ள அப்பா,

படிக்கட்டைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். என் கேள்விக்கு நாலு வரி. அதிலும் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அம்மாவிடம் இனி யார் கேட்க முடியும்?

எனக்கு என் டைரியை யாராவது தொட்டாலே பிடிக்காது. அதனால் நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாடியிலிருந்து இறங்குகிறவர்களை மேனேஜர் ஏன் கவனிக்க வேண்டும்? டிக் எதற்கு? வாக்கு எதற்கு? அலுவலகத்தில் இருந்தாலும் இதே யோசனைதான். அந்த ஓட்டலில் உங்களை யாரோ எதற்கோ பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அப்படியும் இல்லை, நீங்கள் இஷ்டப்பட்டுத்தான் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

முதலாளியின் பேரன் ரோஹித்தின் சென்னை எண் ஓட்டல் ரசீதிலேயே இருந்தது. நேற்று பேசினேன். குற்றம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் ரிஜிஸ்டரை ஒருமுறை பாருங்கள், ஒரே ஆள் ஏன் இத்தனை அறைகளில் இருக்கிறார் என்று கேளுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

ஜாக்குலின்


செங்கல்பட்டு
24.8.2025

ஜாக்குலினுக்கு,

ரோஹித் வந்தான், பார்த்தான், போனான். வாக்கு இனி தேவைப்படாது. அதனால் எழுதுகிறேன்.

இந்த மாதிரி ஓட்டல்களில் தனி ஆளுக்கு அறை தரமாட்டார்கள். எழுதிவைக்காத சட்டம். தனியாக வந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர் மறுநாள் கதவைத் திறக்காமல் போய்விட்டால், போலீஸ், பேப்பர், அப்புறம் அந்த அறையில் யாரும் தங்கமாட்டார்கள். அந்தப் பயம். மாமல்லபுரத்துப் பெரிய ஓட்டல்களில் கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கும், ஆளை யாரும் கேட்பதில்லை. இங்கே ஆளைத்தான் பார்ப்பார்கள்.

1995 ஆகஸ்டில், நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், நான் கருங்குழியிலிருந்து தனியாக இங்கே வந்தேன். எதற்கு வந்தேன் என்பதை உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். இப்போது நீயும் ஊகித்துக்கொள்ளலாம். கண்ணாயிரத்துக்கு அப்போது வேலை புதிது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தனி ஆளுக்கு ரூம் கெடையாது அண்ணாத்த. வோணும்னா என் பேரையும் சேத்துப் போட்டுக்கறேன். ஆனா காலீல எங்கூட வந்து நாஸ்தா துன்னணும். துன்னாம போனா என் வேல பூடும், பாத்துக்கோ."

ஒருத்தன் வேலை நம்மால் போகக் கூடாதே என்று காலையில் எழுந்தேன். இட்லியும் வடகறியும். வடகறியில் காரம் அதிகம் என்று அவனோடு சண்டை போட்டேன். முப்பது வருடமாக அந்தச் சண்டை நடக்கிறது.

அவன் பெயரையே எத்தனை அறைக்குத்தான் எழுதுவான். அம்மா போன பிறகு நான் இங்கே தங்கியது அதற்காகத்தான். தனியாக வருகிறவர்களில் பெரும்பாலோர் பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ வந்தவர்கள். சிலர் அப்படி இல்லை. யார் எந்த வகை என்று நான் கேட்டதில்லை. என் அறையில்தான் நான் படுப்பேன். காலையில் சேர்ந்து சாப்பிட்டால் கண்ணாயிரம் டிக் போடுவான். கண்ணகி சாப்பிடாமல் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. அப்புறம் செய்யூரிலிருந்து ஒரு பை வேர்க்கடலையோடு வந்து நின்றாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாளாம். அதற்காக டிக் போட முடியாது என்று கண்ணாயிரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

இப்போது மேசைக்குப் பின்னால் போர்டு மாட்டியிருக்கிறது. தனி நபருக்கு அறை இல்லை. குடும்பத்தார் தவிர வேறு யார் பெயரும் சேர்க்கக் கூடாது. மீறினால் கண்ணாயிரத்துக்கு வேலை இல்லை.

புதன்கிழமை ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். நீலப் பை. கண்ணாயிரம் போர்டைக் காட்டினான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினாள். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். இந்தக் காலோடு எவ்வளவு வேகமாகப் போக முடியும். மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கூப்பிட்டேன். அவள் பதில் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

கோர்ட் வேலையாக வந்தவளாகவும் இருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. நானும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்பா


மறைமலைநகர்
29.9.2025

அன்புள்ள அப்பா,

நேரில் பேச நமக்கு வராது. அதனால் நடந்ததை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ரோஹித்திடம் பேசினேன். நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் போர்டு போர்டுதான், தெரிந்த பிறகு தெரியாததுபோல இருக்க முடியாது என்றார். மூன்று முறை எழுதியும் பார்த்துவிட்டேன். பதில் மாறவில்லை.

செப்டம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை நான் தனியாக வந்து அறை கேட்டபோது நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். கண்ணாயிரம் அண்ணன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"போர்டு கீது பாரும்மா. நீ வெக்கச் சொன்னதுதான்."

தெரியும் என்றேன். எங்கே போனார் என்று கேட்டேன்.

"அஞ்சு மணியானா மாமல்லபுரம் பஸ் நிக்கிற எடத்துக்குப் பூடுவாரு. எறங்கறவங்க கையில இன்னா பைன்னு பாத்துகினு நிப்பாரு. நான் சொன்னா கேக்கறாரா? அவருக்குத்தான் காதே கேக்காதே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிஜிஸ்டரை விரித்து வைத்துக் காத்திருந்தார். நீங்கள் திரும்பி வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பேனாவை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதினீர்கள். குடும்பத்தார் என்பதால் அது செல்லும். 'வந்த காரியம்' கட்டத்தை நான் நிரப்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காலையில் வடகறி காரமாகத்தான் இருந்தது. எனக்கும் சிவப்பு டிக் விழுந்தது.

வீட்டுக்கு வாருங்கள் என்று இனி கேட்கமாட்டேன். கட்டிலின் உறையை மட்டும் பிரித்து வைத்திருக்கிறேன். கட்டுரையை நிறுத்திவிட்டேன். படிக்கட்டையும் சாவிக்கட்டையையும் மட்டும் எழுதினால் அது பொய்யாக இருக்கும். மீதியை எழுத எனக்கு உரிமை இல்லை.

நேற்று முன்தினத்தோடு மூன்று சனிக்கிழமைகள் பஸ் நிறுத்தத்தில் உங்களோடு நின்றிருக்கிறேன். நீலப் பை வைத்திருந்த அந்தப் பெண் இதுவரை வரவில்லை.

ஜாக்குலின்