கறிப் பையின் ரப்பர் வளையம்

நண்பா,

இன்று காலை பாக்கார் ஆராங் கடையில் ரொட்டி சானாயும் பையில் கட்டிய கறியும் வாங்கி வந்தேன். கறிப் பையின் கழுத்தில் ரப்பர் வளையம் இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோலை எடுக்க மனம் வரவில்லை. நீ கட்டிய பைகளும் இப்படித்தான், லேசில் அவிழாது.

பூமிக்குள் உருகிய இரும்பு கொந்தளிக்கும்போது, துளிக் காந்தப்புலம் எப்படிப் பெரிதாக வளர்கிறது? பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் எடுத்துக்கொண்ட ஆய்வு அது. கணினிக்குள் திரவத்தைக் கலக்கிவிடுவோம். திரையில் கோடு ஏறினால் புலம் வளர்கிறது என்று பொருள். நம் கோடோ கொஞ்சம் ஏறும், பிறகு படுத்துவிடும். அதற்குள் உனக்கு ரத்தப் புற்று என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "நான் போறதுக்குள்ள ஒரு தடவ அது ஏறணும் லா," என்றாய். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதற்காக உன்மேல் எனக்குக் கோபமே வந்தது.

பாடாங் செராயில் உன் வாப்பாவின் கடையில் அன்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முடியாத உடம்போடு நீ கறி கட்டிக்கொண்டிருந்தாய். வளையத்தை இழு, முறுக்கு, மறுபடி மாட்டு. திடீரென்று உன் கை நின்றது. ஒரு வளையத்தை மேசையில் படுக்கவைத்தாய்.

"மச்சான், இத தூக்காம முறுக்கு, பாப்போம்."

என்னால் முடியவில்லை. மடிக்கத்தான் முடிந்தது.

"நாம அதத்தான்டா செஞ்சிருக்கோம்! கம்ப்யூட்டர் நேரத்த மிச்சம் பிடிக்கிறேன்னு எல்லாத்தையும் தட்டையா ஓட விட்டுட்டோம். தட்டையா மடிச்சா எதிரெதிரா போற ரெண்டு புலமும் ஒன்ன ஒன்னு அழிச்சிரும். தூக்கி முறுக்கி மடிச்சாத்தான் ரெண்டும் ஒரே பக்கம் ஓடும், பலம் கூடும்."

"தம்பி, கறிய பொங்குஸ் கட்டித் தர்றீங்களா, பாடம் எடுக்குறீங்களா?" என்றார் காத்திருந்த ஒருவர். நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கணக்கை முப்பரிமாணத்துக்கு மாற்றினோம். வாரக்கணக்கில் ஓடியது. மருத்துவமனைக்கு வந்தால், எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்குமுன் நீ கேட்பாய்: "ஏறுச்சாடா?" இல்லை என்பேன். "ஏறும் லா," என்று நீதான் எனக்குத் தேறுதல் சொல்வாய்.

நீ போன பிறகுதான் ஏறியது. இந்த முறை படுக்கவில்லை. திரவத்தின் ஓட்டத்தையே அடக்கும் அளவுக்குப் புலம் பலத்த பிறகுதான் நிதானித்தது. பார்க்க நீ இல்லையே என்று கணினி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

நேராகக் கடைக்குப் போனேன். வாப்பா கறி கட்டிக்கொண்டிருந்தார். "மாமா, ஏறிருச்சு," என்றேன். எது என்று கேட்கவில்லை. பையை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "புள்ள கேட்டுக்கிட்டே கெடந்தானே, அது ஏறிருச்சாம்!" உன் உம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

இப்போது நான் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் யாருடைய கோடு ஏறினாலும் முதலில் கடைக்குத்தான் போன் போடுகிறேன். நான் வாய் திறக்குமுன் உன் வாப்பா கேட்கிறார்: "ஏறுச்சா தம்பி?"