காக்கைக்கு வைத்த சோறு

அம்மா,

விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தகரப்பெட்டிக்குப் பின்னால் விளக்கை மறைத்துவைத்து எழுதுகிறேன்.

உன்னைக் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் விட்டுவந்த வாரமே அப்பா உனக்குக் கருமாதி செய்துவிட்டார். "உங்கம்மா செத்துப்போயிட்டா, சாமி. இனிக் கேக்காத" என்றார். விடுமுறைக்கு எடப்பாடி போனால், அமாவாசையன்று உன் பேரில் காக்கைக்குச் சோறு வைப்பது நான்தான். நீதான் உயிரோடு இருக்கிறாயே, அம்மா. அப்படியானால் வந்து தின்றது யார்?

இன்று தையல் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் கத்தினாள். "ஏம்புள்ள, கையில ஊசி ஏறி ரத்தம் வருது, வலிக்கலியா? நீயென்ன மரக்கட்டையா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வலிக்கவில்லை, அம்மா. அந்த இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது.

இயேசு குஷ்டரோகியைக் குணமாக்குவதற்கு முன்பே கைநீட்டித் தொட்டார், அதைக் கேட்ட அன்றுதான் உனக்குப் பயம் விட்டது என்று எங்கள் விடுதி டீச்சரம்மா மூலம் எழுதியிருந்தாய். சற்றுமுன் அந்த வெளுப்பின்மேல் விரலை வைத்து, அவர் விரல் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டது தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

காலையில் டீச்சரம்மாவிடம் கையைக் காட்டிவிடுவேன். பிறகு அப்பா எனக்கும் சோறு வைப்பார். உன் பாய்க்குப் பக்கத்தில் இடம் வை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வந்துவிட்டால் உன்னைத் தொடலாம் அல்லவா?

உன் மகள்