அக்காவின் ஈரலுக்கு என்ன வயது?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அதை வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்கிறாய். எழுபத்தெட்டு வயதில் கத்தி எதற்கு? காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் சொல்கிறேன்: பழைய லிஃப்ட்டைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது. ஓடுகிறவரை ஓட விட வேண்டும்.

இங்கே வந்து இரு என்று கூப்பிடலாம். ஆனால் என் வீடு நாலாவது மாடி; எங்கள் கட்டிடத்து லிஃப்ட் போன வருஷமே நின்றுவிட்டது. "மெக்கானிக் இருக்கிற இடத்துல லிஃப்ட் ஓடாதுப்பா" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நானே அங்கு வருகிறேன். கடைசிவரை உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தானே. அதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன் கடைக்குட்டி

ஜனவரி 17

என் கடைக்குட்டிக்கு,

போன் என்றால் நீ கத்துவாய், நான் அழுவேன். கடிதமே மேல்.

உன் லிஃப்ட் கதையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். என் தையல் மெஷினைவிட இளையவள் அவள். "வயசுக்கு எவ்வளவு மார்க் குறைப்பீங்க?" என்று நேராகவே கேட்டேன். "ஆபத்து கொஞ்சம் கூடத்தான்மா, புண் ஆறவும் நாளாகும். ஆனா வயசை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம். கட்டி ஒண்ணா பலவா, மீதி ஈரல் எப்படி, இதயம் தாங்குமா, நல்லா நடமாடுறீங்களா, எல்லாம் பார்ப்போம்" என்றாள்.

"அப்போ என் ஈரலுக்கு என்ன வயசு?"

"அதுக்குப் பிறந்தநாளே தெரியாதும்மா."

கட்டி ஒன்றுதான். மீதி ஈரல் நன்றாக இருக்கிறதாம். படியேறச் சொன்னார்கள், ஏறினேன். கூட வந்த நர்ஸுக்குத்தான் மூச்சு வாங்கியது.

இன்னொன்று. ஒரு கிருமி ஈரலில் இருந்துகொண்டே வேலையைக் காட்டியிருக்கிறது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாமாம். எனக்குக் கொடுத்தவள் உனக்குக் கொடுக்காமலா விட்டிருப்பாள்? கடைசிப் பிள்ளை என்று எல்லாமே உனக்கு இரண்டு பங்கு! போய் ரத்தம் கொடுத்துப் பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஜனவரி 26

அக்கா,

எனக்கு ஐம்பத்தொன்பதுதான். கல்லைத் தின்றாலும் செரிக்கிறது. நோய் உனக்கு, ஊசி எனக்கா?

நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்! சரி, ஒரு பந்தயம். ஆபரேஷன் முடிந்து உன் கையாலேயே கடிதம் எழுது. மறுநாளே போகிறேன்.

கோபத்தோடு,
கடைக்குட்டி

பிப்ரவரி 28

என் கடைக்குட்டிக்கு,

எழுத்து கோணலாக இருந்தாலும் என் கைதான்.

வயது தன் கூலியை வாங்காமல் விடவில்லை. முதல் இரண்டு நாள் புத்தி பிசகிவிட்டது. தையல் கடையில் இருப்பதாக நினைத்து, நர்ஸின் கையைப் பிடித்து, "முழுக்கையா, அரைக்கையா?" என்று கேட்டேனாம். வயதானவர்களுக்கு அப்படி ஆவதுண்டாம். பிறகு தெளிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண் என் மகள் வயது. எனக்கு முன்பே எழுந்து நடந்தாள். நான் மெதுவாக நடந்தேன். ஆனாலும் நடந்தேன்.

பந்தயத்தில் தோற்றாய். கிளம்பு.

அக்கா

மார்ச் 20

அக்கா,

போனேன். எனக்கும் அதே கிருமி. ஈரல் முழுக்கத் தழும்பாம், கட்டியும் ஒன்றல்ல. கத்தி வைத்தால் தாங்காது, மருந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். "எனக்கு அறுபதுகூட ஆகலையே டாக்டர்" என்றேன். "வயசு உங்க பக்கம்தான் சார். ஈரல்தான் இல்லை" என்றார்.

நீ முன்னால் போவாய், நான் பின்னால் நின்று எல்லாம் செய்வேன் என்றே நினைத்திருந்தேன். இப்போது படியிறங்கினால் ஏற முடியவில்லை, அங்கே எப்படி வருவேன்? பயமாக இருக்கிறது அக்கா. உன்னைப் பார்க்க வேண்டும்.

கடைக்குட்டி

ஏப்ரல் 2

கண்ணு,

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், பயணம் போகலாமாம். சனிக்கிழமை வருகிறேன். நாலு மாடிதானே? மாடிக்கு மாடி உட்கார்ந்து ஏறுவேன். நேரமானால் கதவைத் திறந்து வைத்திரு, என்னைத் தேடிக் கீழே இறங்காதே.

இன்ச் டேப் எடுத்து வருகிறேன். உன் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருக்கும், பிடித்துத் தைக்க வேண்டும்.

அக்கா