திட்டத்தின் கடைசி வரி

என் செல்லத்துக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். அப்பா முறுக்கிய மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

“எப்பப் பாரு உளவாளிக் கதைதானா?” என்று திட்டுவேனே, அந்த நாவலிலிருந்து இன்று நீ திட்டம் எழுதிய தாள் விழுந்தது. அப்பா குளிக்கப் பதினோரு நிமிடம் ஆகும், மூன்றாவது படி சத்தம் போடும், அம்மாவின் பை கட்டிலுக்கடியில் இருக்கும். நாவலையும் படித்தேன். பெரியவர்கள் நடுங்கும் இடத்தில் உன் வயதுப் பெண் துணிந்து நிற்கிறாள். உனக்கு ஏன் பிடித்தது என்று புரிந்தது.

கடைசி வரியில், “அப்பா வெளிய வந்தா நான் பேச்சுக் கொடுத்து நிறுத்துறேன். அம்மா மட்டும் பஸ் ஏறிடணும்” என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரியை அடித்துவிட்டேன். பையில் உன் துணியும் இருக்கிறது. நாளை அவர் குளியலறைக் கதவைச் சாத்தியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வா. மூன்றாவது படியை நான் மறந்தாலும் நீ மறக்காதே.

உன் அம்மா